ஆசிரியர் ஊருக்குப் போகிறார்

எங்கள் பத்திரிகை திருத்தம் போடாது. செத்தவர் எழும்பி வந்தாலும் போடாது. அப்படி ஒன்று நடந்தும் இருக்கிறது. கடலில் மூழ்கிப் போனார் என்று நாங்கள் முதல் பக்கத்தில் எழுதிய ஒருவர், சில மாதங்கள் கழித்து லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் இருந்து சாப்பிட்டதைப் பலர் கண்டார்கள். ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“ஆள் உயிரோட இருக்கிறது நல்ல விசயம்தானே தம்பி. ஆனா திருத்தம் போட்டமெண்டால் சனம் பழைய பேப்பர் எல்லாத்தையும் தூக்கிப் பாக்கும். நாங்கள் திருத்தம் போடுறேல்லை.”

இந்த ஒரு விதியை வைத்துத்தான் பிறகு நான் அவரைப் பிடித்தேன்.

எண்பதுகளின் கடைசியில் நான் லண்டனுக்கு வந்தேன். ஹவுன்ஸ்லோவில் வீடு. விமான நிலையத்துச் சமையற்கூடத்தில் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் வேலை. சனி, ஞாயிறில் கிங்ஸ்பரிக்குப் போவேன். அங்கே ஒரு பலசரக்குக் கடைக்கு மேல் இருந்த அறைதான் பத்திரிகை அலுவலகம். கீழே இருந்து கருவாட்டு மணம் வரும். மேலே பசை மணம். ஊரில் அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோத்த பழக்கம் எனக்கு இருந்ததால் பக்கம் ஒட்டும் வேலையை என்னிடம் தந்தார்கள். ஆசிரியர் எழுதித் தருவதைக் கணினியில் அடித்து, நீள நீளமான தாளில் அச்செடுத்து, பிளேடால் வெட்டி, அட்டையில் பசை பூசி ஒட்டுவேன். ஞாயிறு மத்தியானம் அட்டைகளைக் காரில் போட்டுக்கொண்டு போய் கிழக்கு லண்டனில் அச்சகத்தில் கொடுப்பேன். பதினைந்து நாளுக்கு ஒரு பத்திரிகை. சம்பளம் இல்லை. யாருக்கும் இல்லை, அவருக்கும் இல்லை. அதை மட்டும் அவருக்குச் சாதகமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆசிரியர் கொழும்பில் ஒரு நாளிதழில் இருந்தவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு லண்டனுக்கு வந்தார். அந்த அறைக்குள்ளும் டை கட்டிக்கொண்டுதான் இருப்பார். கை வேகம். போரால் ஊரில் தொலைபேசி கிடையாது, மின்சாரம் கிடையாது. கொழும்புக்கு வந்து சேர்ந்தவர்கள் அங்கிருந்து தொலைபேசியில் சொல்லும் நாலு வரிதான் எங்களுக்குக் கிடைக்கும் செய்தி. அந்த நாலு வரியை அவர் முக்கால் பக்கம் ஆக்குவார். பதுங்கு குழிக்குள் மூத்திரம் போய்க் கிடந்து தப்பிய மனிதன் அவர் கையில் ‘நெஞ்சு நிமிர்த்தி நின்றான்’ ஆகிவிடுவான். பசியில் அழுத பிள்ளை, அழாத பிள்ளை ஆகிவிடும்.

கீழே இருந்த கடைக்காரர் வாய் சும்மா இருக்காதவர். ஒரு நாள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: “அண்ணை, உங்கட பேப்பரில ஒருத்தரும் சும்மா சாகிறேல்லை. ஒரு வசனம் பேசிப்போட்டுத்தான் சாகினம். எனக்கு நெஞ்சு வருத்தம் வந்தா ஒரு வசனம் எழுதித் தாங்கோ, பாடமாக்கி வைக்கிறன்.”

ஆசிரியர் சிரிக்கவில்லை. “நீர் பருப்பு விக்கிறீர். நான் சனத்துக்குத் தெம்பு விக்கிறன். தெம்பில்லாட்டி இந்தச் சனம் இந்தக் குளிருக்குள்ள எழும்பி வேலைக்குப் போகுமோ? அங்க இருக்கிற சனம் நிமிர்ந்து நிக்குமோ?”

நானும் அதைச் சரி என்றுதான் நினைத்திருந்தேன். தெம்பு விற்க என் வீட்டுச் சாமானை எடுப்பார் என்று நினைக்கவில்லை.

என் அக்கா தையற்காரி. கல்யாணம் செய்யவில்லை. அம்மாவோடு இருந்து, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். நான் விமானம் ஏறியபோது போட்டிருந்த சேட்டும் அவள் தைத்ததுதான். கடுமையான வாய். யாரையும் புகழமாட்டாள். பிள்ளைகள் அளவு எடுக்க வந்து நெளிந்தால் அளவுநாடாவால் ஒன்று போடுவாள். அவளுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே பெருமை அந்தத் தையல் மெஷின். கறுப்பு மெஷின், கால் மிதிப்பது. வேறு யாரும் அதில் கை வைக்க முடியாது.

தொண்ணூறுகளின் நடுவில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவளும் அம்மாவும் நடந்து தென்மராட்சிப் பக்கம் போனார்கள். ஒரு கோயில் மடத்தில் இடம் கிடைத்தது. மெஷினைக் கொண்டுபோக முடியவில்லை. சில நாட்களில் கையில் இருந்தது முடிந்துவிட்டது. மெஷின் இருந்தால் மடத்தில் இருந்தும் தைக்கலாம், நாலு கிழிசல் தைத்தாலும் அரிசி கிடைக்கும் என்று அக்கா கணக்குப் போட்டாள். அம்மா போகாதே என்றா. அக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். மெஷினின் தலையைக் கழற்றி, சாக்கில் சுற்றி, கரியரில் கட்டிக்கொண்டு வாசல் படலையைத் தாண்டும்போது ஷெல் விழுந்தது.

இவ்வளவுதான் நடந்தது. பக்கத்து வீட்டு மாமி கொழும்புக்கு வந்து எனக்குத் தொலைபேசியில் சொன்னது இது. தானே போய்ப் பார்த்தவ. “மெஷின் கட்டின கயிறு அவிழேல்லை தம்பி, அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தவள்” என்றா. அந்தக் கயிற்றை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. யார்மேல் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஆத்திரம். அதில் பெரிய பங்கு ஆசிரியருக்குப் போனது, அவராகத் தேடி வாங்கிக்கொண்டதால்.

அந்தச் சனிக்கிழமை நான் கிங்ஸ்பரிக்குப் போகவில்லை. ஆசிரியரே தொலைபேசி எடுத்தார். சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். மெஷினையும் சொன்னேன்.

“அக்காவின்ர படம் ஒண்டு இருந்தாத் தாரும் தம்பி. மரண அறிவித்தல் வடிவாப் போடுவம். பக்கத்தை இந்த முறை நான் ஒட்டுறன், நீர் வீட்டில இரும்.”

ஒரே ஒரு படம் வைத்திருந்தேன். கடைக்காரர் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

பிரேதம் இல்லாத செத்தவீடு எப்படி நடக்கும் என்று லண்டனில் இருந்த எங்களுக்கு நன்றாகத் தெரியும். கதிரைகளைச் சுவரோரம் போடுவோம், படத்துக்கு விளக்கு வைப்போம், வருகிறவர்கள் வந்து குந்தியிருப்பார்கள். என் வீட்டில் வைக்கப் படமும் இல்லை. விளக்கை மட்டும் வைத்தோம். முதல் நாட்களில் வந்தவர்கள் பேசாமல் இருந்துவிட்டுப் போனார்கள். பத்திரிகை வந்த பிறகு வந்தவர்கள் வேறு மாதிரி வந்தார்கள். தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் இருந்து ஒருவர் வந்தார், எனக்கு முன்பின் தெரியாதவர். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“உங்கட அக்கா தெய்வம் தம்பி. அத்தினை பிள்ளையளையும் வெளியில விட்டுப்போட்டுத்தானே தான் போனவ.”

“எந்தப் பிள்ளையள்?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். துக்கத்தில் எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார். பையில் இருந்து பத்திரிகையை எடுத்துத் தந்தார்.

முதல் பக்கம். அக்காவின் படம். ஷெல் விழுந்துகொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்குள் அக்கா ஓடுகிறாள். சிக்கியிருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கி வெளியே விடுகிறாள். கடைசிப் பிள்ளையை வெளியே தள்ளும்போது காயப்படுகிறாள். பிறகு வசனம்: ‘என் உயிர் போனாலும் இந்தப் பிஞ்சுகள் இந்த மண்ணில் வாழவேண்டும்.’

என் அக்கா பிஞ்சு என்ற சொல்லைக் கத்தரிக்காய்க்குத்தான் பாவித்தவள்.

தையல் மெஷின் ஒரு இடத்திலும் இல்லை. தையற்காரி என்றும் இல்லை. ‘சமூகத் தொண்டர்’ என்று இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கிங்ஸ்பரிக்குப் போனேன். ஆசிரியர் எழும்பி வந்து தோளைப் பிடித்தார். தட்டிவிட்டேன்.

“என்ன எழுதி வச்சிருக்கிறியள்?”

“தம்பி, இருந்து கதையும்.”

“அவ மெஷின் எடுக்கப் போனவ. உங்களுக்குச் சொன்னனான்.”

“சொன்னனீர்தான். யோசிச்சுப் பாரும். தையல் மெஷினுக்காகச் செத்தவ எண்டு போட்டா என்ன சொல்லுவினம்? ‘பாவம்’ எண்டுவினம். ‘மெஷின்தான் பெரிசோ, விசரி’ எண்டும் ரெண்டு பேர் சொல்லுவினம். இப்ப கையெடுத்துக் கும்பிடினம். உம்மட அக்காவுக்கு எது மரியாதை?”

“அவ எப்பிடிச் செத்தவவோ அப்பிடிப் போடுறது மரியாதை. நாலு வரி திருத்தம் போடுங்கோ.”

“திருத்தம் போடுறேல்லை எண்டு தெரியும்தானே.”

அன்றைக்கே விட்டுவிட்டுப் போயிருப்பேன். போகவில்லை. சும்மா விலகினால் அவருக்கு வேறு ஒருவன் கிடைப்பான், அவ்வளவுதான். கதிரையில் இருந்து அவர் தந்ததை அடித்துக் கொடுத்தேன். அவர் நான் ஆறிவிட்டேன் என்று நினைத்தார். எனக்கு ஆறுகிற பழக்கம் இல்லை.

சில மாதம் போனது. மாமா, அம்மாவின் தம்பி, கண் சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்கு வந்தார். அங்கிருந்து தொலைபேசி எடுத்தார். அம்மா எப்படி என்று கேட்டேன்.

“கொம்மா ஒரு இடத்தில இருக்கிறா இல்லை தம்பி. லண்டன் பேப்பர்த் துண்டு ஒண்டு ஆரோ கொண்டந்து குடுத்துப் போட்டினம். அதை மடிச்சுச் சேலைக்குள்ள வச்சுக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாத் திரியிறா.”

“என்னத்துக்கு?”

“பிள்ளையளைத் தேடி. கொக்கா காப்பாத்தின பிள்ளையள். ஒரு பிள்ளையை எண்டாலும் பாக்கவேணுமாம். தலையில ஒருக்காக் கை வைக்கவேணுமாம். அகதிச் சனம் இருக்கிற இடமெல்லாம் போய்க் கேக்கிறா. வெயிலுக்குள்ள போறா. சொன்னாக் கேக்கிறா இல்லை. ‘லண்டன் பேப்பரில பொய் எழுதுவினமோ, என்ர மகன்தானே அங்க வேலை செய்யிறான்’ எண்டு என்னோட சண்டைக்கு வாறா.”

அந்த வசனத்தை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அம்மா தானாகச் சொன்னது.

அக்கா மெஷின் எடுக்கப் போனது அம்மாவுக்குத் தெரியும். போகாதே என்று தடுத்ததே அம்மாதான். ஆனால் பத்திரிகையைப் பார்த்த பிறகு, வழியில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிக்கியிருந்திருக்கிறார்கள், அதனால்தான் சுணங்கி இருக்கிறாள் என்று தானே ஒரு கதை செய்துகொண்டா. நான் மாமாவிடம், திரும்பிப் போனதும் அது பொய் என்று அம்மாவுக்குச் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னார். அம்மா நம்பவில்லை என்று கடிதம் வந்தது. அச்சில் வந்ததை அச்சில்தான் அழிக்க முடியும்.

திரும்ப ஆசிரியரிடம் போனேன். இந்த முறை சத்தம் போடவில்லை. கேட்டேன். அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் வயது என்றேன், சர்க்கரை வருத்தம் என்றேன், வெயிலில் திரிகிறா என்றேன். எங்கேயாவது விழுந்தால் தூக்க ஆளில்லை என்றேன். நாலு வரி போதும், எந்தப் பக்கத்தில் என்றாலும் சரி, வெட்டி அனுப்புகிறேன் என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே கவலைப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு முகம் தெளிந்தது.

“ஒண்டு செய்வம் தம்பி. அந்தப் பிள்ளையளில ஒரு பிள்ளை எழுதின மாதிரி ஒரு கடிதம் போடுவம். ‘என்னைக் காப்பாற்றிய அன்னைக்கு’ எண்டு தலைப்பு. இப்ப வன்னியில பாதுகாப்பா இருக்கிறன், தேடவேண்டாம், பெரியாளா வந்து அம்மம்மாவைப் பாப்பன் எண்டு. அம்மா அதை வாசிச்சா ஆறியிருப்பா. திரியமாட்டா.”

அவர் அப்போதே தாளை இழுத்து எழுதத் தொடங்கிவிட்டார்.

எனக்கு அவரை அடிக்க வந்தது. பசை வாளி பக்கத்தில் இருந்தது, அதைத் தூக்கித் தலையில் கவிழ்த்தால் என்ன என்றும் வந்தது. செய்யவில்லை. “நல்ல யோசனை அண்ணை” என்றேன். “இந்த முறை எழுதாதேங்கோ, அடுத்த முறை போடுவம். நான் இடம் ஒதுக்கி வைக்கிறன்.”

அவர் மகிழ்ச்சியாகத் தலையாட்டினார்.

ஞாயிறு காலை அவர் பக்கங்களைப் பார்த்துச் சரி என்றுவிட்டுப் போன பிறகு, முதல் பக்கத்தில் வலது கை மூலையில் இருந்த பட்டுச்சேலைக் கடை விளம்பரத்தை உரித்து எடுத்தேன். அந்த இடத்தில் அவருடைய படம், டையோடு. தலைப்பு: ‘எமது ஆசிரியர் தாயகம் செல்கிறார்.’ கீழே அவருடைய நடையில் எழுதினேன். பல வருடம் அவர் எழுத்தை அடித்த எனக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை. ‘குண்டு மழைக்கு நடுவே மக்களோடு மக்களாக நின்று செய்தி அனுப்ப அவர் முடிவு செய்துள்ளார். “மண்ணின் அழைப்பை இனியும் மறுக்க என்னால் முடியாது” என்று தழுதழுத்த குரலில் அவர் கூறினார்.’ கடைசி வரியைத்தான் நான் அதிகம் யோசித்து எழுதினேன். ‘ஊரில் உள்ள உறவுகளுக்குப் பொதி அனுப்ப விரும்புவோர் அவரது இல்லத்தில் ஒப்படைக்கலாம்.’

எங்கள் சனத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. யாராவது ஊருக்குப் போகிறார் என்று காதில் விழுந்தால் போதும், அவர் வீட்டு மணி ஓயாது. மூக்குக்கண்ணாடி, மாத்திரை, இருமல் மருந்து, சவர்க்காரம், ரேடியோவுக்குப் பற்றரி, பிள்ளைக்குச் சப்பாத்து. எல்லாவற்றையும் பழந்துணியில் சுற்றி, மேலே பெயரும் ஊரும் எழுதி, ‘சின்னப் பார்சல்தான் அண்ணை, மடியில வச்சே கொண்டு போகலாம்’ என்று கொண்டுவந்து தருவார்கள். போகிறவன் மறுக்க முடியாது. மறுத்தவனைப் பற்றிப் பத்து வருடம் கதைப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை பத்திரிகை கடைகளுக்குப் போனது. அன்று பின்னேரம் ஆசிரியர் என் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“உது என்ன வேலை?”

“செய்தி.”

“பொய்யடா அது.”

“அப்ப திருத்தம் போடுங்கோ.”

வைத்துவிட்டார்.

அவர் உடனே மறுத்திருக்கலாம். வந்த முதல் ஆளிடமே ‘இல்லை, பிழையாக வந்துவிட்டது’ என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று கடைக்காரர் எனக்குப் பிறகு சொன்னார். முதலில் வந்தது வெம்பிளியில் இருந்து ஒரு வைத்தியர், பெரிய மனிதர். வாசலிலேயே ஆசிரியரின் காலைத் தொட்டாராம். “எங்களில ஒருத்தருக்கும் இல்லாத நெஞ்சு உங்களுக்கு இருக்கு” என்றாராம். ஆசிரியரின் முகம் மலர்ந்துபோனதாம். அந்த ஒரு நிமிடம் அவர் தன்னுடைய கதைக்குள் தானே போய்விட்டார். பிறகு வெளியே வர வழியில்லை.

பாஸ்போர்ட் இல்லை என்று சாட்டுச் சொல்லவும் முடியாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்ததைப் பார்ட்டி வைத்துக் கொண்டாடியவர்.

அடுத்த ஞாயிறு மண்டபம் எடுத்துப் பிரியாவிடை வைத்தார்கள். நானும் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். பொன்னாடை போர்த்தினார்கள். பெண்கள் அழுதார்கள். அவரைப் பேசச் சொன்னார்கள். எழும்பி நின்றார், என்னைக் கண்டார், தொண்டையைச் செருமினார். பேசத் தொடங்கினால் நிற்காதவர் அன்றைக்கு இரண்டு வசனத்தோடு இருந்துவிட்டார். அடக்கம் என்று நினைத்து எல்லோரும் கை தட்டினார்கள். நானும் பலமாகத் தட்டினேன். விமானச் சீட்டைத் தாங்களே எடுத்துத் தருவதாகப் பிரியாவிடைக் குழு அறிவித்தது. அவர் முகத்தை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். இன்றைக்கும் தேவைப்படும்போது எடுத்துப் பார்ப்பேன்.

அதற்குப் பிறகு அவருடைய மனைவி என் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தா.

“தம்பி, எனக்கு வீட்டுக்குள்ள நடக்க வழியில்லை. படியெல்லாம் பார்சல். பிரிட்ஜில ஆரின்ரயோ இன்சுலின், என்ர மீனை வைக்க இடமில்லை. இந்த மனிசன் வாயைத் திறக்குதில்லை. மெய்யே போறாரோ?”

“அவரைத்தான் கேக்கவேணும் அண்ணி.”

“கேட்டனான். ‘சனத்துக்கு நம்பிக்கை குடுக்கவேணும்’ எண்டுறார். எனக்கு ஆர் நம்பிக்கை குடுக்கிறது?”

இரண்டு நாளில் அவர் ஹவுன்ஸ்லோவுக்கு வந்தார். டை இல்லை. என் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. செத்தவீட்டுக்குக்கூட வரவில்லை, பத்திரிகை வேலை. கதிரையில் இருந்தார். என் மனைவி தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“நீ செய்தது என்னெண்டு சனத்துக்குச் சொல்லுவன்” என்றார். ‘நீர்’ போய் ‘நீ’ ஆகியிருந்தது.

“சொல்லுங்கோ. ஏன் செய்தவன் எண்டு கேப்பினம். நான் மண்டபம் எடுத்து விளக்கமாச் சொல்லுவன்.”

“நீயும் பொய்தானே எழுதினனீ.”

“ஓம். உங்களிட்டப் பழகினது. வசனம் எப்பிடி, நல்லா வந்திருந்ததோ?”

அவர் கண் கலங்கியது. எனக்கு இரக்கம் வரவில்லை. இந்த இடத்தில் வந்ததாக எழுதினால் என்னை நல்லவன் என்று நினைப்பீர்கள். வரவில்லை. வெயிலில் பேப்பர்த் துண்டோடு திரியும் கிழவிதான் என் கண்ணில் நின்றா.

“என்னதான் வேணும் உனக்கு?”

சொன்னேன். முதல் பக்கத்தில் அக்காவைப் பற்றிய திருத்தம், நான் சொல்கிறபடி. அதே பக்கத்தில் அவர் ஊருக்குப் போகவில்லை என்ற திருத்தம். மூன்றாவது, பார்சல்களை அவர் தானே கொண்டுபோய் ஒவ்வொரு வீட்டிலும் திருப்பிக் கொடுக்கவேண்டும், தன் வாயால் சொல்லி. கார் நான் ஓட்டுவேன்.

“மூண்டாவது என்னத்துக்கு? பேப்பரில போட்டாப் போதும்தானே. வந்து எடுத்துக்கொண்டு போவினம்.”

“அம்மா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாத் திரிஞ்சவ அண்ணை.”

தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனார். வாசலில் நின்று சரி என்றார்.

திருத்தத்தை நான் அடித்தேன். ஒரு அலங்காரமும் இல்லை. ‘முன்னைய இதழில் வெளியான செய்தி தவறானது. அவர் ஒரு தையற்காரி. பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. எந்தப் பிள்ளையையும் காப்பாற்றவில்லை. தாயாரோடு பிழைப்பதற்காகத் தன் தையல் மெஷினை எடுக்க வீட்டுக்குப் போனபோது ஷெல் விழுந்து இறந்தார். அவர் எதையும் பேசவில்லை.’ ஆசிரியர் கடைசி வரியை வெட்டச் சொன்னார். வெட்டவில்லை. அந்தப் பக்கத்தோடு என் வேலையும் முடிந்தது. வெட்டிய துண்டை, உண்மையாகவே கொழும்புக்குப் போன கடைக்காரரின் மைத்துனரிடம் கொடுத்துவிட்டேன். இன்சுலினும் அவரோடுதான் போனது.

பிறகு வந்த ஞாயிறுகளில் ஆசிரியரை ஏற்றிக்கொண்டு போனேன். கிங்ஸ்பரி, வெம்பிளி, ஹவுன்ஸ்லோ, டூட்டிங். பின் இருக்கை முழுக்கப் பார்சல். நான் காரில் இருந்து கண்ணாடியை இறக்கி வைத்துக்கொள்வேன். முதல் வீட்டில் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துவிட்டு வந்து ஏறினார்.

“எனக்குக் கேக்கேல்லை அண்ணை. திரும்பப் போய்ச் சொல்லுங்கோ.”

போனார். “நான் ஊருக்குப் போகேல்லை. பேப்பரில வந்தது பொய்” என்று சொன்னார். வீட்டுக்காரி பார்சலை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினா. அடுத்தடுத்த வீடுகளில் சிலர் உள்ளே கூப்பிட்டார்கள், அது அவருக்கு இன்னும் கஷ்டம். ஒரு வீட்டில் ஒரு கிழவர், “அப்ப என்ர பேத்திக்குக் கண்ணாடி?” என்று மட்டும் கேட்டார். வைத்தியர் கதவைத் திறக்கவேயில்லை, மேலே திரை அசைந்தது. ஒவ்வொரு தடவையும் ஆசிரியர் வந்து ஏறும்போது இன்னும் கொஞ்சம் சின்ன ஆளாகத் தெரிந்தார். எனக்கு அது நிறைவாக இருந்தது.

கடைசி ஞாயிறு மிச்சத்துக்குப் போனோம். இரண்டு பார்சல்தான் மீதி. நல்ல மழை. அதற்கு முதல் நாள், திரும்பவும் கண்ணைக் காட்டக் கொழும்புக்கு வந்த மாமா தொலைபேசி எடுத்திருந்தார். திருத்தம் அம்மாவிடம் போய்ச் சேர்ந்திருந்தது. மாமா இரண்டு தரம் வாசித்துக் காட்டினாராம். அம்மா பழைய துண்டைச் சேலைக்குள் இருந்து எடுத்து அவரிடம் கொடுத்தாவாம். பிறகு எங்கேயும் போகவில்லையாம்.

மிச்சத்தில் ஒரு சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஆசிரியர் கேட்டார்: “அம்மா என்ன சொன்னவவாம்?”

அவருக்குத் தெரியவேண்டும் என்று எனக்கும் பட்டது. சொன்னேன். “‘அப்ப மெஷின் இப்ப ஆரிட்டக் கிடக்கு’ எண்டு கேட்டவவாம்.”

விளக்கு பச்சைக்கு மாறியது. அவர் முன் கண்ணாடியில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன்.

“தம்பி” என்றார், மெதுவாக. “அது நல்ல வசனம். அதைப் போடலாம்.”

காரை ஓரத்தில் நிறுத்தினேன்.

“இறங்குங்கோ அண்ணை.”

“இன்னும் வீடு வரேல்லையே.”

“இறங்குங்கோ. பார்சலையும் எடுங்கோ.”

இறங்கினார். குடை இல்லை. இரண்டு பார்சலையும் நனையாமல் கோட்டுக்குள் வைக்கப் பார்த்தார், ஒன்றுதான் உள்ளே போனது. வீட்டு இலக்கத்தைக் கண்ணாடி வழியாகச் சொன்னேன். அது தெருவின் மற்ற முனையில் இருந்தது. திரும்பிப் போக பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹவுன்ஸ்லோவுக்குத் திருப்பினேன்.